நீரிழிவும் கொள்ளை நோயும்: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

ஒரு சங்கத்தின் உயிர் அதன் கட்டடத்திலோ இரும்புப் பெட்டியிலோ இல்லை. அதன் அங்கத்தினர் பதிவேட்டில் இருக்கிறது. ஆய்வுக்குச் செல்லும் இடங்களிலெல்லாம் நாம் முதலில் கேட்டு வாங்குவது அந்தப் பதிவேட்டைத்தான். 2021-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், குன்னூருக்கு அப்பால் ஒரு மலைச்சரிவில் உள்ள விவசாயிகள் சங்கத்தில் அதைப் புரட்டியபோது, நான்கு பெயர்களுக்கு நேரே சிவப்பு மையில் 'காலமானார்' என்று எழுதியிருக்கக் கண்டோம். நால்வரும் அவ்வாண்டு மே, ஜூன் மாதங்களில் கொரோனா நோயினால் இறந்தவர்கள். செயலாளரிடம் விசாரித்தோம். "நாலு பேரில் மூணு பேருக்குச் சர்க்கரை உண்டு, ஐயா" என்றார் அவர்.

அதே சங்கத்தின் கோப்பில் நாம் கையொப்பமிட்ட பழைய ஆய்வுக் குறிப்பு ஒன்றும் இருந்தது. அதைப்பற்றி இப்பாடத்தின் இறுதியில் சொல்லுவோம். அதற்கு முன், அந்த மூவருக்கும் நேர்ந்தது ஏன் என்பதை அங்கத்தினர்கள் அறிந்துகொள்ள வேண்டும். நீரிழிவு உள்ளவரைக் கொரோனா ஏன் அதிகமாக வாட்டியது? கடும் நோய் கண்டவரின் பிழைப்பை அது எவ்வளவு தூரம் குறைத்தது? இன்று நாம் செய்யக்கூடியது என்ன? இவையே இப்பாடத்தின் பொருள்.

உலக சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் நாள் கொரோனா அவசர நிலை முடிந்ததாக அறிவித்தது. முடிந்துபோன நோயைப்பற்றி இப்போது பாடம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். அவசர நிலைதான் முடிந்ததே ஒழிய, கிருமி உலகை விட்டுப் போய்விடவில்லை. நீரிழிவோ முன்னைக் காட்டிலும் பெருகியிருக்கிறது. அடுத்த கொள்ளை நோய் எந்தப் பெயரில் வந்தாலும், அது முதலில் தட்டப்போவது இதே கதவைத்தான்.

நீரிழிவு என்பது யாது?

நாம் உண்ணும் சோறும் களியும் கிழங்கும் வயிற்றில் செரித்துச் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கின்றன. அந்தச் சர்க்கரையை உடலின் அணுக்களுக்குள் செலுத்துவது இன்சுலின் என்னும் சுரப்பு நீர். இதனைச் சுரப்பது கணையம். சிலருக்கு, பெரும்பாலும் இளம் வயதில், இன்சுலின் சுரப்பதே நின்றுபோகிறது; இது முதல் வகை. பெரும்பாலோர்க்கு இன்சுலின் போதாமலும், சுரந்தது சரியாக வேலை செய்யாமலும் போகிறது. இது இரண்டாம் வகை. இரண்டிலும், சரக்கு வந்து வாசலில் குவிந்திருக்க, கிடங்கின் பூட்டு திறவாத நிலைமைதான். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்திருக்கும். அணுக்களோ பட்டினி கிடக்கும்.

வெறும் வயிற்றில் எடுத்த இரத்தத்தில் நூறு மில்லிலிட்டருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் சர்க்கரை இருந்தாலும், குளுக்கோஸ் அருந்தி இரண்டு மணி நேரம் கழித்து 200 அல்லது அதற்கு மேல் இருந்தாலும், அது நீரிழிவு எனப்படும். எச்பிஏ1சி என்றொரு சோதனையும் உண்டு. ஏறத்தாழ மூன்று மாத காலத்தில் இரத்தச் சர்க்கரை சராசரியாக எப்படி இருந்தது என்பதை அது காட்டும். அது 6.5 சதவிகிதத்தை எட்டினாலும் நீரிழிவே. விரல் நுனியில் எடுக்கும் சோதனை அன்றைய ரொக்க இருப்பைப் போன்றது. எச்பிஏ1சி காலாண்டுக் கணக்கைப் போன்றது. ஆய்வாளர் வரும் நாளில் மட்டும் ரொக்கத்தைச் சரிக்கட்டி வைக்கும் காசாளர் உண்டு. டாக்டரைப் பார்க்கும் முந்தின நாள் மட்டும் பத்தியம் இருப்பவரும் உண்டு. காலாண்டுக் கணக்கு இருவரையும் காட்டிக் கொடுத்துவிடும்.

நம் நாட்டில் நீரிழிவுக்கெனத் தனி வைத்தியம் தோன்றிய வரலாற்றில் சென்னைக்குச் சிறந்த இடமுண்டு. டாக்டர் எம். விசுவநாதன் 1948-இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவைத் தொடங்கினார். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய பெரும் ஆய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. அதன்படி இந்தியாவில் நீரிழிவு உள்ளோர் ஏறக்குறைய 10 கோடியே 10 லட்சம் பேர். தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14.4 பேர். அதாவது, நமது பேரவைக் கூட்டத்தில் எழுபது பேர் அமர்ந்திருந்தால், அவர்களுள் ஏறத்தாழ பத்துப் பேர் நீரிழிவு உடையவர்கள் என்று எதிர்பார்க்கலாம். அந்தப் பத்துப் பேரில் சிலருக்கு அது இருப்பதே தெரிந்திராது.

"மேடு ஏறி இறங்குகிறவனுக்குச் சர்க்கரை வராது" என்று மலைநாட்டில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உழைப்பு நல்லதே. ஆயினும் வயது, குடும்ப வழி, தொப்பை, உணவு என்னும் காரணங்கள் மலைக்கு ஒரு விதமும் சமவெளிக்கு ஒரு விதமுமாக இருப்பதில்லை. ஒரு நாளில் ஆறு கோப்பை தேநீர் பருகி, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சர்க்கரை சேர்த்தால், ஆண்டு முடிவில் அது எத்தனை கிலோ ஆகும் என்று கணக்குத் தெரிந்தவர்கள் போட்டுப் பார்க்கலாம். நெசவாளத் தோழர்களின் நிலை வேறு. தறிக்குழியில் காலையில் இறங்கினால் மாலைவரை உட்கார்ந்த இடத்திலேயே உழைப்பு. கைகால்கள் ஓயாமல் அசைந்தாலும் நடை என்பது இல்லை.

நோயின் மேல் நோய் வந்தால்

கொரோனாக் கிருமி மூக்கு, தொண்டை வழியே புகுந்து நுரையீரலை அடைகிறது. நுரையீரலின் நுண்ணறைகள் அழன்று நீர் கோத்தால், காற்றிலுள்ள பிராணவாயு இரத்தத்தில் சேர்வது குறைகிறது. கிருமியை எதிர்க்கும் உடலின் படை அளவு மீறிக் கிளர்ந்து, தன் வீட்டையே கொளுத்துவதும் உண்டு. இரத்தக் குழாய்களில் இரத்தம் உறைவதும் உண்டு. கடும் கொரோனா என்பது இவ்வளவும் சேர்ந்ததே.

இதில் நீரிழிவு நான்கு வழிகளில் தீங்கு செய்கிறது. முதலாவது, இரத்தத்தில் சர்க்கரை மிகும்போது கிருமிகளை விழுங்கும் வெள்ளை அணுக்களின் வேகம் குன்றுகிறது, எதிர்ப்புத் தாமதமாகிறது. இரண்டாவது, நீரிழிவு உள்ள உடலில், தொப்பை மிகுந்திருந்தால் இன்னும் அதிகமாக, மெல்லிய அழற்சி ஒன்று எப்போதும் கனன்று கொண்டிருக்கிறது. கிருமி வந்ததும் அது பெருந்தீயாகிறது. மூன்றாவது, பல்லாண்டு நீரிழிவினால் இரத்தக் குழாய்களின் உட்புறம் கெட்டிருக்கும். உறைகட்டி உண்டாவது எளிதாகிறது. நான்காவது, இருதயமும் சிறுநீரகமும் முன்னமே தளர்ந்திருந்தால், நோயைத் தாங்கிக் கரையேறும் வலு குறைவு. சங்கத்தின் மொழியில் சொன்னால், நெருக்கடிக் காலத்துக்கென்று வைத்திருக்கும் காப்பு நிதி முன்னமே கரைந்துபோயிருக்கிறது.

இது ஒருவழிப் பாதையும் அன்று. எந்தக் கடுங்காய்ச்சலிலும் உடலில் சில சுரப்பு நீர்கள் மிகுந்து இரத்தச் சர்க்கரையை ஏற்றும். ஆகவே, நீரிழிவு கொரோனாவைக் கடுமையாக்குகிறது. கொரோனாவோ நீரிழிவைக் கட்டுக்கடங்காமல் செய்கிறது. அசலோடு வட்டியும், வட்டிக்கு வட்டியும் ஏறும் கடனைப் போல இரண்டும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

புள்ளி விவரங்கள் கூறுவது

இங்கிலாந்தில் 2020-ஆம் ஆண்டு மார்ச் 1 முதல் மே 11 வரை மருத்துவமனைகளில் கொரோனாவால் இறந்த 23,698 பேரின் விவரத்தை ஆராய்ந்தார்கள். அவர்களுள் 7,434 பேர், அதாவது 31.4 சதவிகிதத்தினர், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள். நீரிழிவு உள்ளவர்கள் பொதுவாக வயது முதிர்ந்தவர்கள் ஆதலால், வயது, வறுமை முதலிய வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டார்கள். அப்போதும், நீரிழிவு இல்லாதாரைக் காட்டிலும் இவர்களுக்கு மரண வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. முதல் வகை உள்ளவர்களுக்கு அது மூன்றரை மடங்கு.

நம்மவர் கணக்கும் உண்டு. தமிழ்நாடு, ஆந்திரம் ஆகிய இரு மாநிலங்களின் பதிவுகளை வைத்து நடத்திய ஆய்வொன்று 2020 செப்டம்பர் இறுதியில் வெளியாயிற்று. இறந்தவர்களுள் 45 சதவிகிதத்தினர்க்கு நீரிழிவும், 36.2 சதவிகிதத்தினர்க்கு இரத்தக் கொதிப்பும் இருந்தன. இன்னொரு செய்தியும் அதில் உண்டு. அது நம் நெஞ்சைத் தைக்க வேண்டியது. இறந்தவர்களில் பாதிப்பேர் சோதனை செய்துகொண்ட ஆறு நாள்களுக்குள்ளேயே இறந்துவிட்டார்கள். பலர் காலம் கடந்த பிறகே சோதனைக்கு வந்தார்கள் என்பதுதானே இதன் பொருள்?

நோய் முற்றித் தீவிர சிகிச்சைப் பிரிவை அடைந்தவர்களுக்கு என்ன ஆயிற்று? இங்கிலாந்தில் 2020 மார்ச் முதல் ஜூலை வரை அப்படிச் சேர்க்கப்பட்ட 19,256 பேரை ஆராய்ந்ததில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களின் மரண அபாயம் 23 சதவிகிதம் அதிகமாக இருந்தது. வயது வாரியாகப் பிரித்தபோது ஒரு விந்தை தெரிந்தது. 65 வயதுக்கு மேற்பட்டோரில் நீரிழிவினால் கூடிய அபாயம் 18 சதவிகிதம். 50 முதல் 64 வரை உள்ளோரில் 29 சதவிகிதம். 18 முதல் 49 வரை உள்ளோரிலோ 50 சதவிகிதம்.

இவ்விரு இங்கிலாந்துக் கணக்குகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலனாகின்றன. பொதுமக்களிடையே இரண்டு மடங்காக இருந்த அபாயம், தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் கால் பங்குக்கும் குறைவான கூடுதலாகச் சுருங்கிவிடுகிறது. நோயைக் கடுமையாக்குவதிலேயே நீரிழிவு தன் தீங்கில் பெரும்பகுதியைச் செய்து முடித்துவிடுகிறது என்று இதைக் கொள்ளலாம். ஆகவே காப்பாற்ற வேண்டிய நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் விழுந்த பின்னர் அன்று, அதற்கு முன்னர். மற்றொன்று: "எனக்கு நாற்பதுதானே, சர்க்கரை இருந்தால் என்ன?" என்று இளவயதினர் அலட்சியமாக இருப்பதற்கு இடமில்லை.

கட்டுப்பாடு உயிர் காக்குமா?

சீனத்தின் ஹூபே மாகாணத்தில் 7,337 கொரோனா நோயாளிகளை ஆராய்ந்தனர். அவர்களுள் 952 பேருக்கு இரண்டாம் வகை நீரிழிவு இருந்தது. ஆஸ்பத்திரியில் இருந்த நாள்களில் சர்க்கரை ஏறத்தாழ 70-க்கும் 180-க்கும் இடையே நின்றவர்களில் இறந்தவர் நூற்றுக்கு 1.1 பேர், கட்டுக்கடங்காமல் ஏறியவர்களில் நூற்றுக்கு 11 பேர். பத்து மடங்கு வேறுபாடு!

ஆனால் ஓர் ஆய்வாளனுக்கு வேண்டிய ஐயமும் நமக்கு இருக்க வேண்டும். நோய் கடுமையாவதே சர்க்கரையை உயர்த்தும் என்று மேலே கண்டோம். ஆதலால், சர்க்கரை மிகுந்ததால் நோய் முற்றியதா, நோய் முற்றியதால் சர்க்கரை மிகுந்ததா என்பதை இந்தக் கணக்கு ஒன்றினால் மட்டும் பிரித்தறிய இயலாது. பிரான்சில் 1,317 நீரிழிவு நோயாளிகளை ஆராய்ந்தபோது, முந்திய மூன்று மாதச் சராசரிக்கும் முதல் ஏழு நாள்களின் முடிவுக்கும் தொடர்பு காணப்படவில்லை. சேர்ந்த அன்று இருந்த சர்க்கரைக்கும், உடற்பருமனுக்கும் தொடர்பு காணப்பட்டது. இங்கிலாந்தின் பெரிய ஆய்விலோ, எச்பிஏ1சி 10 சதவிகிதத்துக்கு மேல் இருந்த இரண்டாம் வகையினரின் மரண அபாயம், அது 6.5-ஐ ஒட்டி இருந்தவர்களைக் காட்டிலும் ஏறத்தாழ 60 சதவிகிதம் கூடுதலாக இருந்தது.

இவற்றையெல்லாம் கூட்டிக் கழித்தால் கிடைக்கும் முடிவு இது: நல்ல கட்டுப்பாடு கொரோனாவிலிருந்து தப்புவதற்கு உத்தரவாதச் சீட்டு அன்று, ஆனால் நீண்ட நாள் கட்டுப்பாடின்மை ஆபத்தைப் பெருக்கும். வயதையும் பிறந்த குடும்பத்தையும் நம்மால் மாற்ற இயலாது. மாற்றக் கூடியவற்றுள் சர்க்கரையும் எடையும் முன் நிற்கின்றன.

உயிர் காத்த மருந்தும் அதன் மறுபக்கமும்

2020 ஜூன் 16-ஆம் நாள் இங்கிலாந்திலிருந்து ஒரு நற்செய்தி வந்தது. டெக்ஸாமெத்தசோன் என்னும் மலிவான பழைய ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள் வரை கொடுத்ததில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தோரின் மரணம் மூன்றில் ஒரு பங்கும், பிராணவாயு பெற்றுவந்தோரின் மரணம் ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஆனால், பிராணவாயு தேவைப்படாதவர்களுக்கு அதனால் பலன் இல்லை.

இந்தக் கடைசி வாக்கியத்தைப் பலர் கேளாமல் விட்டதுதான் 2021-இல் நேர்ந்த கேடு. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை வேகமாக உயர்த்தும். தேவையில்லாதவர்களும், லேசான காய்ச்சல் கண்டவர்களும் தாமாகவோ பிறர் சொல்லைக் கேட்டோ அதை உட்கொண்டார்கள். சர்க்கரை எகிறிய உடலில் கரும்பூஞ்சை என்னும் நோய் மூக்கிலும் கண்ணிலும் பற்றியது. 2021 மே மாதத்தில் அது அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கப்பட்டது. ஜூன் 28 அன்று மத்திய சுகாதார அமைச்சர் தெரிவித்தபடி, நாட்டில் 40,845 பேர் அந்நோய்க்கு ஆளாகி, 3,129 பேர் இறந்திருந்தனர். நோய் கண்டவர்களில் 64 சதவிகிதத்தினர் நீரிழிவு உள்ளவர்கள். ஏறத்தாழ 53 சதவிகிதத்தினர் ஸ்டீராய்டு உட்கொண்டவர்கள்.

படிப்பினை தெளிவானது. ஸ்டீராய்டு மருத்துவரின் கையில் அமிர்தம். நம் கையில் நஞ்சு. அதை உட்கொள்ளும் நாள்களில் சர்க்கரையை அடிக்கடி சோதிக்க வேண்டும். மாத்திரையால் சர்க்கரை அடங்கிவந்தவர்க்கும் அந்நாள்களில் இன்சுலின் தேவைப்படலாம். "இன்சுலின் போட்டால் பழகிவிடும்" என்று அஞ்சி மறுப்பது பேதைமை. கடும் நோய் நீங்கியதும் பலர் மாத்திரைக்கே திரும்பிவிடுவதுண்டு.

மலைநாட்டாருக்குரிய சில குறிப்புகள்

உணவையும் உடல் நலத்தையும் ஆராய்வதில் நமது குன்னூர் நாட்டுக்கே வழிகாட்டிய ஊர். 1907 முதல் இங்குள்ள பாஸ்டர் நிலையம் வெறிநாய்க்கடிக்கு மருந்து செய்து வந்திருக்கிறது. ராபர்ட் மெக்காரிசன் இங்கே தொடங்கிய உணவாராய்ச்சிதான் வளர்ந்து, 1958-இல் ஹைதராபாத்துக்குக் குடிபெயர்ந்து, இன்று தேசிய உணவூட்ட நிறுவனமாக விளங்குகிறது. இத்தகைய ஊரைச் சேர்ந்த நாம் சில எளிய காரியங்களை அறியாதிருப்பது முறையன்று.

விரலில் மாட்டிப் பிராணவாயு அளக்கும் கருவியை எடுத்துக்கொள்வோம். உதகமண்டலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் உள்ளன. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறையும். ஆகவே நலமுள்ளவரின் அளவும் சமவெளியைக் காட்டிலும் சற்றுக் குறைவாக இருக்கலாம். நலமாக இருக்கும் நாளிலேயே ஒருமுறை அளந்து எழுதி வைத்துக்கொள்வது நல்லது. நோய் வந்த நாளில் அதிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று அறிய அது உதவும். ஆனால் 'மலையில் இப்படித்தான்' என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்ளலாகாது. அளவு 94-க்குக் கீழ் இறங்கினால் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டியதுதான். கொரோனாவில் மூச்சுத் திணறல் தெரியாமலே பிராணவாயு குறைந்துபோனவர் பலர்.

கொழுந்து பறித்துவிட்டு ஈரமும் குளிருமாக வந்த விரலில் அந்தக் கருவி தவறான அளவைக் காட்டக்கூடும். கையை வெந்நீரில் கழுவித் துடைத்து, சூடேறிய பிறகு மாட்ட வேண்டும். சர்க்கரைச் சோதனைக்கும் இதுவே விதி. வெல்லமோ பழமோ தொட்ட கையைக் கழுவாமல் சோதித்தால் இல்லாத சர்க்கரையும் இருப்பதாகத் தோன்றும்.

காய்ச்சல் நாள்களில் உணவு குறைந்தாலும் நீரிழிவு மருந்தை நாமாக நிறுத்தலாகாது. இன்சுலினை அறவே நிறுத்தலாகாது. சில மாத்திரைகளை மருத்துவரே அப்போது நிறுத்தி வேறு கொடுப்பார்; அது அவர் தீர்மானிக்க வேண்டியது. வாந்தி, வயிற்று வலி, மிகுந்த தாகம், வேகமான மூச்சு, தெளிவற்ற பேச்சு ஆகியவை தோன்றினால் பொழுது விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். மலைப்பாதையில் ஒரு மணி நேரம் தாமதித்தால், மூடுபனி இறங்கி அது மூன்று மணி நேரமாகிவிடும் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

மருந்து வாங்க நகரத்துக்குப் போகவேண்டிய தொல்லையைக் குறைக்க, 'மக்களைத் தேடி மருத்துவம்' என்னும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கியது. நீரிழிவு, இரத்தக் கொதிப்பு உள்ளவர்களை வீட்டிலேயே கண்டு மருந்து கொடுப்பது அதன் நோக்கம். தங்கள் பெயர் அப்பட்டியலில் உள்ளதா என்று ஒவ்வோர் அங்கத்தினரும் கேட்டறிய வேண்டும்.

தடுப்பூசியின் பயன்

தமிழ்நாட்டுக் காவல் துறையினர் 1,17,524 பேரை, 2021 பிப்ரவரி 1 முதல் மே 14 வரை, தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. அந்தக் காலத்தில் கொரோனாவால் இறந்தோர் 31 பேர். ஊசியே போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தனர். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டு தவணையும் போட்ட 67,673 பேரில் 4 பேர் மட்டுமே. இரண்டு தவணை மரணத்தை ஏறத்தாழ 95 சதவிகிதம் தடுத்தது என்று கண்டார்கள். பரப்புரை எதுவும் வேண்டாம். இந்த நான்கு வரிக் கணக்கே போதும்.

நம் மாவட்டத்தில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகிய பழங்குடி மக்களிடையே, 2021 ஜூன் மாத இறுதிக்குள் வயது வந்தோர் ஏறத்தாழ அனைவருக்கும் முதல் தவணை போடப்பட்டது. ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று பேசியதால் கைகூடிய காரியம் அது. அரசாணையால் மட்டும் ஆகக்கூடியதாயின் எங்கும் ஆகியிருக்குமே! இன்றும், நீரிழிவு உள்ளவர்கள் இன்புளூயன்சா, நிமோனியா ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப்பற்றித் தங்கள் மருத்துவரிடம் கேட்டறிவது நலம்.

நமது பிழை ஒன்று

இனி, முன்னே சொன்ன ஆய்வுக் குறிப்புக்கு வருவோம். அந்தச் சங்கம் 2018-இல் பொது நல நிதியிலிருந்து ஒரு சர்க்கரைச் சோதனைக் கருவியும் சோதனைப் பட்டைகளும் வாங்கியது. கொழுந்துக்குப் பணம் பட்டுவாடா செய்யும் நாளில், கிராமச் செவிலியர் ஒருவர் வந்து விரும்பிய அங்கத்தினர்க்குச் சோதனை செய்தார். 2019-இல் நாம் ஆய்வுக்குப் போனோம். பேரவையின் ஒப்புதல் இல்லாமல் செய்த செலவு என்று கண்டு, மறுப்புக் குறிப்பு எழுதிக் கையொப்பமிட்டோம். விதிப்படி அது சரியே. ஆனால், 'அடுத்த பேரவையில் ஒப்புதல் பெற்றுத் தொடர்ந்து நடத்தலாம்' என்று மற்றொரு வரி எழுதியிருக்க வேண்டும், அதை எழுதவில்லை. செயலாளர் பயந்து சோதனையை நிறுத்திவிட்டார். கருவி அலமாரியில் கிடந்தது. அதன் மின்கலம் கசிந்து பாழாயிற்று.

சிவப்பு மையில் எழுதப்பட்ட அந்த நால்வரில் ஓர் அம்மையாருக்கு, அந்தப் பட்டுவாடா நாள் சோதனையில்தான் முதன்முதலில் சர்க்கரை தெரியவந்தது. சில மாதம் மருந்து உட்கொண்டார். சோதனை நின்றபின், உடம்பு நன்றாயிருக்கிறது என்று மருந்தையும் விட்டுவிட்டார். 2021 மே மாதத்தில் ஐந்து நாள் காய்ச்சலோடு வீட்டிலிருந்து, ஆறாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டபோது அவருடைய சர்க்கரை 400-க்கு மேல் இருந்ததாம். அவருக்கு வயது 49. சோதனை தொடர்ந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று கூற நமக்கு ஆதாரமில்லை. பிழைத்திருக்க வாய்ப்புக் கூடியிருக்கும் என்பதை மறுக்கவும் மேலே கண்ட கணக்குகள் இடந்தரவில்லை. பங்குத் தொகையை வாரிசுக்கு மாற்றும் படிவத்தில் அவர் மகள் கையொப்பமிட்டபோது நாம் அருகில் இருந்தோம். அந்தப் பெண் நம்மை ஒரு வார்த்தையும் குறை கூறவில்லை. நமது குறிப்பைப்பற்றி அவள் அறியவும் மாட்டாள். அறிந்தவர்கள் நாமும் செயலாளருமே.

அவ்வாண்டுப் பேரவையில் தீர்மானம் முறையாக நிறைவேறிற்று. புதிய கருவி வாங்கப்பட்டது. பட்டுவாடா நாளில் சோதனை மீண்டும் நடக்கிறது. அளவுகள் ஒரு நோட்டில், பிறர் பார்வைக்குக் கிடைக்காதபடி, பதிவாகின்றன. இரண்டு மாதம் வராதவர் வீட்டுக்கு நிர்வாகக் குழுவினர் ஒருவர் போய்வருகிறார். செலவு சிறிது, விதிக்கும் முரணில்லை. கடன் தவணை தவறினால் மூன்றாம் நாளே ஆளனுப்பும் நாம், மருந்துத் தவணை தவறியவர்க்கு ஆளனுப்பக் கூடாதா?

பிற சங்கங்களும், நெசவாளர் சங்கங்கள் உள்பட, இவ்வழியைக் கைக்கொள்ளலாம். பாவும் நூலும் கொடுக்கும் நாளிலோ, துணி அளந்து கூலி தரும் நாளிலோ இதனை நடத்துவது எளிது. ஆய்வாளர் மறுப்பு எழுதினால், எந்த விதியின்படி செய்யலாம் என்பதையும் எழுதித் தருமாறு அவரிடமே கேளுங்கள். அது உங்கள் உரிமை; எழுதித் தருவது எங்கள் கடமை.

கூடிப் பேசுவதற்குரிய வினாக்கள்

1. நமது சங்கத்தில் 30 வயது கடந்த அங்கத்தினர் எத்தனை பேர்? கடந்த ஓராண்டில் சர்க்கரைச் சோதனை செய்துகொண்டவர் அவர்களில் எத்தனை பேர்?

2. விரல் நுனிச் சோதனைக்கும் எச்பிஏ1சி சோதனைக்கும் உள்ள வேறுபாட்டை, நாள்கணக்கையும் காலாண்டுக் கணக்கையும் கொண்டு ஒருவர் விளக்கிச் சொல்லுக.

3. நீரிழிவு உள்ள ஒருவருக்கு இரவில் காய்ச்சல் கண்டு மூச்சு வேகமானால், நமது ஊரிலிருந்து மிக அருகிலுள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு எவ்வாறு கொண்டுபோவது? வண்டி யாருடையது? யாரை எழுப்புவது?

4. பொது நல நிதியிலிருந்து சோதனைக் கருவி வாங்க அடுத்த பேரவையில் கொண்டுவர வேண்டிய தீர்மானத்தின் வாசகத்தை எழுதுக.

மூன்றாம் வினாவுக்கு விடையை இன்றே எழுதி, சங்க அலுவலகச் சுவரில் ஒட்டி வையுங்கள்.